வாட்டர் ஆப்பிள் மரத்தை மிரட்டிய சனிக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பெரிய ஹெலிகோனியா பூச்செடித் தொட்டியை உடைத்துவிட்டேன்.

சிமென்ட் தொட்டி. ஈரமண்ணோடு சேர்த்தால் ஓர் ஆள் கனம். மொட்டை மாடித் தண்ணீர் கொட்டுகிற குழாய்க்கு நேர் கீழே இருந்தது. மழை பிடித்துக்கொண்டால் கிழங்கு அழுகிவிடும். நாலடி தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பக்கம் நான் பிடித்துத் தூக்கினேன். மறுபக்கம் தூக்க ஆள் இல்லை. தொட்டி சாய்ந்தது, துவைக்கிற கல்லில் மோதியது, இரண்டாகப் பிளந்தது.

அது எப்போதுமே இரண்டு பேர் நகர்த்துகிற தொட்டி.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு அந்த இன்னொரு ஆளைத் தெரியும். என் அண்ணி. ஆந்தூரியத்தை ‘பிளாஸ்டிக் பூ’ என்பாரே, அவர். நான் ஆசை ஆசையாக வாங்கி வந்த மான்ஸ்டெராவைப் பார்த்து, “எலி கடிச்ச எலைக்கா இம்புட்டுத் தூரம் போய் வந்த?” என்று கேட்டாரே, அவரேதான். என் பத்தியில் சிரிப்பு வருகிற இடமெல்லாம் அவர் பேசுகிற இடம்தான் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் தெரியும்.

மூன்று வாரமாக என் மெயில் பெட்டியில் ஒரே விசாரணை. அண்ணியைக் காணோமே? ஊருக்குப் போயிருக்கிறாரா? சண்டையா?

ஒருவர் மட்டும் ஒரு சிரிப்பு பொம்மையோடு கேட்டிருந்தார் – “ஏதாவது விசேஷமா?”

அந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரம் பதில் எழுதுகிறேன். எழுதலாமா என்று அண்ணியிடமே போனில் கேட்டேன். அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னார். “எழுது. பேரப் போடாத. அந்த வீடியோவப் பாத்தவுகள்ல பாதிப் பேராச்சும் இதையும் படிக்கட்டும்.”

என்ன வீடியோ? சொல்கிறேன்.

அதற்கு முன் தோட்டத்தைச் சொல்லவேண்டும். காரைக்குடியில், ஒரு புதுக் காலனியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட். மண் செம்மண். வெயில் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே போய் ஹெலிகோனியா, ஆந்தூரியம், டார்ச் ஜிஞ்சர் என்று மழைக்காட்டுச் செடிகளை வளர்ப்பேன் என்று நின்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். நான் தோட்டக்கலை படித்தவள். முடியாது என்று யாராவது சொன்னால் முதலில் அதைத்தான் வாங்கி வருவேன்.

முடியும் என்பதுதான் உண்மை. பச்சை நிழல்வலை. தொட்டி மண்ணில் பாதிக்குப் பாதி தென்னை நார்க்கழிவு. தொட்டிகளை ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற மாதிரி நெருக்கி வைத்தால் ஒன்றின் ஈரமூச்சில் இன்னொன்று பிழைத்துக்கொள்ளும். முக்கியமாக – புரட்டாசி. பகலில் சித்திரை, சாயங்காலம் ஐப்பசி என்று ஒரே நாளில் இரண்டு மாதம் காட்டுகிற மாதம் இது. வேர் பிடிக்க இதைவிட நல்ல நேரம் இந்த ஊரில் கிடையாது. பிரித்து நடுவது, தொட்டி மாற்றுவது, வலையைத் தளர்த்துவது எல்லாம் இப்போதுதான்.

நான் படித்துவிட்டு அவசரப்படுவேன். அண்ணி ஒரு விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, “இன்னைக்குத் தண்ணி வேணாம், விடு” என்பார். படிப்புக்கும் விரலுக்கும் சண்டை வந்தால் பெரும்பாலும் விரல்தான் ஜெயித்தது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். அம்மா, அண்ணன், அண்ணி, நான். அப்பா போய்ப் பத்து வருஷம். அண்ணனுக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. நான் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் இந்தப் பத்தி. அதிலும் மிச்சமான நேரத்தில் செடிகள் பற்றி ரீல்ஸ்.

அந்தக் கடைசி மிச்சத்தில்தான் வந்தது வினை.

தோட்டத்தின் ஈசான மூலையில் ஒரு வாட்டர் ஆப்பிள் மரம் நிற்கிறது. அண்ணி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் புரட்டாசியில் நாங்கள் இருவரும் சேர்ந்து வைத்தது. நான் அப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். குழி எடுத்தது அண்ணி. புதுப்பெண் கடப்பாரை பிடிக்கிறாள் என்று தெருவே வந்து பார்த்தது.

ஏழு வருஷம். மரம் மாடியைத் தாண்டிவிட்டது. இலை ஒவ்வொன்றும் கையகலம். ஒரு பூ இல்லை, ஒரு பிஞ்சு இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். நான்தான். ஊட்டம் ஊட்டம் என்று மீன் அமிலத்தையும் சாணிக் கரைசலையும் ஊற்றி ஊற்றி மரத்தை இலையாகவே வளர்த்துவிட்டேன். சொகுசு கூடிப்போனால் சில மரங்கள் காய்ப்பதை மறந்துவிடும். கொஞ்சம் காயப்போடவேண்டும். கொஞ்சம் நெருக்கடி கொடுக்கவேண்டும்.

நெருக்கடி கொடுக்க நம் ஊரில் ஒரு வழி இருக்கிறது, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். காய்க்காத மரத்தை மிரட்டுவது. ஒருவர் கோடாலியோடு வருவார். “இது இருந்து என்ன பிரயோசனம், வெட்டிப் போட்ருவோம்” என்று மரத்தில் லேசாக ஒரு கொத்து. இன்னொருவர் ஓடி வந்து குறுக்கே நின்று கெஞ்சவேண்டும். “வேணாம், விட்ருங்க. வர்ற வருசம் காய்க்கும், நான் பொறுப்பு.” இப்படி மூன்று தடவை. கோடாலிக்காரர் போனால் போகிறது என்று திரும்பிப் போய்விடுவார். மரம் பயந்து மறுவருஷம் காய்க்கும்.

இதில் அறிவியலும் இருக்கிறது, அதுதான் எனக்குக் குஷி. பட்டையில் சின்ன வெட்டு விழுந்தால் இலையில் தயாராகிற சத்து வேருக்கு இறங்காமல் கிளையிலேயே தங்கும். அது மரத்தைப் பூக்கத் தூண்டும். பழைய வழக்கம், புது விளக்கம். ஒரு நிமிஷ ரீல். இதைவிட என்ன வேண்டும்?

புரட்டாசி முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பெருமாளுக்குப் படையல் போடுவோம். நாச்சியாபுரத்திலிருந்து பெரியம்மா வந்துவிடுவார். அம்மாவின் அக்கா. அவரோடு ஏழெட்டு உறவுக்காரர்கள். சாப்பிட்டு முடித்து எல்லோரும் பின்பக்கம் காற்றாட உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆள் கூட்டம் இருந்தது. ஸ்டாண்டில் போனை மாட்டினேன்.

“அண்ணி, வாங்க. நான் கோடாலி. நீங்க குறுக்க வந்து நிக்கணும்.”

“நான் எதுக்குத்தா? ஒங்க பெரியம்மாவக் கூப்பிடு. நல்லா நடிப்பாக.”

“நீங்கதான குழி வெட்டுனீக. நீங்க சொன்னாத்தான் நல்லாருக்கும்.”

அண்ணி கை துடைத்துக்கொண்டே நின்றார். மாட்டேன் என்று முகத்தில் எழுதியிருந்தது. அது எனக்கு வெட்கமாகத் தெரிந்தது. கூச்சப்படுகிறார் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

முதலில் கேமராவைப் பார்த்து என் பிரசங்கம். “செல்லம் கொடுத்தா மரம் காய்க்காதுங்க. ஸ்ட்ரெஸ் கொடுக்கணும். நெருக்குனாத்தான் வழிக்கு வரும்.” சொன்னது நான். ஏழு வருஷமாகக் குழந்தையில்லாத ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.

அப்புறம் கோடாலியை ஓங்கி மரத்தில் லேசாக ஒரு கொத்து போட்டேன். “ஏழு வருசமா நிக்கிது. தின்னுக்கிட்டே இருக்கு. ஒரு காய் உண்டா? வெட்டிப் போட்ருவோம்.”

முதல் தடவை அண்ணி மெதுவாகத்தான் சொன்னார். “வேணாம். விட்ருங்க.”

“சத்தமாண்ணி. கேக்கல.”

இரண்டாம் தடவை மரத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். மூன்றாம் தடவை நான் ஓங்கும்போது பின்னால் திரும்பி மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். “விட்ருங்க. அது என்ன பண்ணும்? காய்க்கும். வர்ற வருசம் கண்டிப்பாக் காய்க்கும். கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

நான் எழுதிக் கொடுத்த வசனத்தில் ‘அது என்ன பண்ணும்’ கிடையாது. ‘பொறுத்துக்கங்க’ கிடையாது.

பெரியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னார். “ரெண்டும் ஒரே வருசம் இந்த வீட்டுக்கு வந்ததுக. மெரட்டுனதே மெரட்டுன, ரெண்டுக்கும் சேத்து மெரட்டிவிடு மதி.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும். அண்ணியும் சிரித்த மாதிரிதான் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பாயசம் ஆறிப்போகும்” என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் உட்கார்ந்து வீடியோவை வெட்டினேன். பெரியம்மாவின் குரல் தெளிவாகப் பதிவாகியிருந்தது. கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. சிரிப்புச் சத்தம் இருந்தால் ரீல் ஓடும்.

ஓடியது. என் கத்தரிச்செடி, மிளகாய்ச்செடி வீடியோவெல்லாம் சேர்ந்தும் பார்க்காத கூட்டத்தை இது பார்த்தது. கமென்ட் மேல் கமென்ட். அந்த அக்கா என்னமா நடிக்கிறாங்க. சீரியலுக்கு அனுப்புங்க. மரத்துக்கு வர்ற வருஷம், அக்காவுக்கு எப்போ?

அந்தக் கடைசி கமென்டுக்கும் நான் ஒரு இதயம் போட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் போடுகிற கை. படிக்காமலே போடுகிற கை.

புதன்கிழமை மத்தியானம் அண்ணன் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆபீஸிலிருந்து நேரே தோட்டத்துக்கு வந்தார். சாப்பிடக்கூட உள்ளே போகவில்லை. நான் நிழல்வலைக்கு அடியில் ஆந்தூரியம் பிரித்துக்கொண்டிருந்தேன்.

“மதி. அந்த வீடியோவ எடு.”

“ஏண்ணே? நல்லாப் போகுதே. ஒங்க ஆபீஸ்லகூடப் பாத்தாகளாம்ல.”

“பாத்தாக. என்கிட்டயே காட்டுனாக. எடு.”

என் அண்ணன் குரல் உயர்த்திப் பேசுகிற ஆள் கிடையாது. அன்றும் உயர்த்தவில்லை. மண் கையோடு போனை எடுத்து அவர் முன்னாலேயே அழித்தேன். அவர் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தார். வெயில் முகத்தில் அடித்தது. நகரவில்லை.

“ஆவணில ஃப்ரெண்டு வீட்டுக் கிரகப்பிரவேசம்னு மதுரைக்குப் போனோம்ல?”

“ஆமா.”

“கிரகப்பிரவேசம் ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரி.”

போனைக் கீழே வைத்தேன்.

“கொழந்தைக்குன்னு வைத்தியம் பாத்தது அது மூணாவது தடவ. இந்தத் தடவ கரு நின்னுச்சு. ஏழு வாரம் இருந்துச்சு.” கைக்கடிகாரத்தைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். “அப்பறம் இல்ல. இனிமே முயற்சி பண்ண வேணாம், ஒடம்பு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக.”

“எனக்கு ஏண்ணே சொல்லல?”

“நான் சொல்லலாம்னுதான் சொன்னேன். அவதான், மதி பாட்டுக்குச் சந்தோசமாத் திரியிறா, அவளையும் ஏன் அழவைக்கணும், விடுங்கன்னா.”

ஆவணியில் ஒரு பத்து நாள் அண்ணி தொட்டி தூக்க வரவில்லை. “அண்ணிக்கு வயசாயிருச்சுப்பா” என்று நான் தோட்டத்திலிருந்து கத்தியது நினைவுக்கு வந்தது. “ஆமாத்தா, கெழவியாயிட்டேன்” என்று அவர் அடுப்படியிலிருந்தே பதில் சொன்னதும்.

வீடியோவை நான் அழித்தேன். எங்கள் உறவுக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் அது இன்னும் கிடக்கிறது. பெரியம்மா அதற்குக் கீழே இரண்டு கும்பிடும் ஒரு ரோஜாப்பூவும் போட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு அண்ணி கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். படவில்லை. காலையில் டீ கொடுத்தார். சாம்பாரில் உப்பு போதுமா என்று கேட்டார். என் சுடிதாருக்குக் கொக்கி தைத்துக் கொடுத்தார். பின்வாசல் கதவைத் தாண்டி மட்டும் வரவில்லை.

ஏழு வருஷமாகக் காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் இரண்டு பேர் சத்தம் கேட்கும். இப்போது ஹோஸ் பைப் சத்தம் மட்டும். நான் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன். ஈரமா, போதுமா, தெரியவில்லை. டார்ச் ஜிஞ்சருக்குத் தண்ணீர் கூடிப்போய் இரண்டு தண்டு மஞ்சளாகி விழுந்தது. வாட்டர் ஆப்பிளில் நான் போட்ட வெட்டு பட்டை மூடி ஆறிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் அந்த மூலைக்குப் போவதையே விட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. பத்தி எழுதுகிறவள், வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் மேகம் கூடியது. அண்ணி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். நானும் போனேன். கொடியின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் அண்ணனின் சட்டைகள்.

“அண்ணி, எனக்குத் தெரியாதுண்ணி. மதுரை வெசயம் தெரிஞ்சிருந்தா நான் அப்பிடி…”

“தெரியும்த்தா. தெரியாமத்தான் பண்ணுன.”

“என்னைய ரெண்டு அடி அடிச்சிருங்க.”

“அடிச்சா? நீ காய்க்கவா போற?” என்றார். என் பத்தியில் நீங்கள் சிரிக்கிற அதே குரல். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே சொன்னார். “நீ என்னைய இழுத்துட்டுப் போய் நிப்பாட்டுனேல்ல, அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு ஒறச்சுச்சு. காய்க்காத மரத்தக்கூட சும்மா மெரட்ட மாட்டாகடி. ஒரு ஆளு மெரட்டுனா ஒரு ஆளு குறுக்க நிக்கணும். நின்னு, அது என்ன பண்ணும், விடுங்கன்னு சொல்லணும். அப்பிடித்தான் வச்சிருக்காக.”

நான் ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஏழு வருசமா கல்யாண வீடு, காது குத்து, எங்குட்டுப் போனாலும் எனக்குக் கோடாலிதான். ஒங்க பெரியம்மா ஒண்ணு போடுவாக. எங்க சித்தி ஒண்ணு போடும். ஒங்கம்மா பேச மாட்டாக, ஆனா சிரிப்பாக. ஒங்கண்ணன் எந்திரிச்சு வெளிய போயிருவாக, பாவம், அவுகளுக்கு அதான் தெரியும். நீ போன் பாத்துக்கிட்டு இருப்ப. குறுக்க ஒரு ஆளு வருவாகளான்னு நானும் பாத்தேன். வரல. அன்னைக்கு மரத்துக்காக நான் போய் நிக்கிறப்பதான் நெனச்சேன்… அட, இதுக்குக்கூட ஒரு ஆளு இருக்கே.”

துணிமூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டார். “ஒன் மேல கோவம் இல்லத்தா. ஆனா இங்குட்டு இருக்க முடியல.”

அண்ணனுக்கு ஆடியிலேயே புரமோஷன் வந்திருந்தது. ராமநாதபுரம் பக்கம் போஸ்டிங். தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம், அம்மாவை விட்டு எங்கே போவது என்று போய் வந்துகொண்டிருந்தார். மறுநாள் காலை அண்ணன் அம்மாவிடம் சொன்னார் – அங்கேயே வீடு பார்த்தாயிற்று.

அம்மாவுக்குக் காரணம் சொல்லவேண்டும் அல்லவா? பஸ்ஸில் முதுகு வலிக்கிறது என்றார். அம்மா நம்பினாரா, தெரியாது. புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார். “அவளுக்கு நான் என்ன கொற வச்சேன்?” என்று என்னிடம்தான் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள் அம்மா என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை. நான் மட்டும் என்ன செய்து கிழித்தேன்?

யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் கிடையாது. பெரியம்மாவுக்கு அண்ணி மேல் உயிர். ஊர் ஊராக அண்ணிக்காகத் தொட்டில் கட்டியவர் அவர்தான். ஒவ்வொருவரும் ஒரு சின்னக் கொத்துதான் போட்டோம், லேசாகத்தான் போட்டோம், நல்லதுக்குத்தான் போட்டோம். ஏழு வருஷத்துக் கொத்தைச் சேர்த்துப் பார்க்கிற இடத்தில் நாங்கள் யாரும் நிற்கவில்லை. அவர் நின்றார்.

செடியைப் பற்றி என்றால் எனக்கு எவ்வளவு தெரியும், தெரியுமா? ஆந்தூரியத்தின் இலை நுனி கருகினால் உப்பா, வெயிலா, வேர்ப்புழுவா என்று தூரத்திலிருந்தே சொல்வேன். பக்கத்து அறையில் ஒருத்தி ஏழு வாரம் ஓர் உயிரைச் சுமந்து, அதை இழந்து, எழுந்து வந்து எனக்குத் தோசை வார்த்திருக்கிறாள். சட்னி காரம் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் குட்டியானை வந்து நின்றது. பீரோ, கட்டில், ஒரு மிக்ஸி, இரண்டு சூட்கேஸ். ஏழு வருஷக் குடித்தனம் அந்தச் சின்ன வண்டியில் அடங்கிப்போனது. பூத்திருந்த ஆந்தூரியத்தில் நல்லதாக ஒன்றைத் தொட்டியோடு கொண்டுவந்து நீட்டினேன்.

“வாடகை வீடு. மூணாவது மாடி. அங்க ஏதுத்தா எடம்?” என்றார். பூவை மட்டும் விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

பெரியம்மா நாச்சியாபுரத்திலிருந்து வழியனுப்ப வந்திருந்தார். கையில் திருநீறு, எலுமிச்சம்பழம். அண்ணன் பைக்கில் முன்னால் போய்விட்டார். அண்ணி வண்டிக்குள், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெரியம்மா கண்ணாடி வழியாகக் கையை விட்டு அவருக்குத் திருநீறு பூசி, பழத்தை மடியில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. நிஜமான கலக்கம்.

“போற எடமாச்சும் ஒனக்கு ராசியா இருக்கட்டும் ஆத்தா. அடுத்த புரட்டாசிக்கு வர்றப்பக் கையில ஒண்ணோட வரணும், ஆமா.”

அம்மா தலையசைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் தலையசைத்தார்கள். அண்ணி மடியில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் சாவியைத் திருகினார்.

“பெரியம்மா, அவுககிட்ட அதக் கேக்காதீக.”

என் குரல்தான். எனக்கே புதிதாக இருந்தது.

“என்னடி?”

“இனிமே யாரும் கேக்கக்கூடாது. அவுக என்ன பண்ணுவாக? அவுக எம்புட்டு…”

“நான் என்னத்தத் தப்பாச் சொல்லிட்டேன்? நல்லாருக்கணும்னுதான சொல்றேன்?” பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்தார். “மதி, நல்ல நேரத்துல என்ன பேச்சு இது?”

நான் கையை உதறிக்கொண்டு மிச்சத்தைச் சொல்லத் திரும்பினேன். இஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணி ஜன்னல் வழியாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார். கேட்கவில்லை. போதும் என்பது மாதிரி கையைக் காட்டினார். என்னைத் தடுத்தாரா, தட்டிக்கொடுத்தாரா என்று இப்போதுவரை எனக்குத் தெரியாது. போனில் கேட்கலாம். பயமாக இருக்கிறது.

விசேஷமா என்று கேட்ட வாசகருக்கு – இல்லைங்க. தயவுசெய்து வேறு யாரிடமும் கேட்காதீர்கள்.

ஏழு வருஷம் பக்கத்து அறையில் இருந்தார். நான் வாயைத் திறந்தபோது வண்டி கியரில் இருந்தது.